விசாலாக்ஷிக்கு டென்ஷன் கூடாது

காபி குடித்த உடனே பிபி பார்க்கக் கூடாது, மேடம். அரை மணி நேரமாவது போக வேண்டும். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலும் தரையில் படும்படி ஐந்து நிமிஷம் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் பட்டையைக் கையில் சுற்ற வேண்டும். படித்தவர்களுக்கே இது தெரிவதில்லை. நேற்று உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு ஹவல்தார் டீயைக் குடித்துக்கொண்டே தனக்கு 150 இருப்பதாகச் சொல்லிக் கவலைப்பட்டார். சொல்லித்தரலாமா என்று நினைத்தேன். இடம் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஜபாப்பை, அதாவது வாக்குமூலத்தை, எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருஷமாகப் புனேவாசி. மராத்தியில் பேரம் பேசுவேன், சொசைட்டி மீட்டிங்கில் சண்டை போடுவேன். நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல வேண்டும் என்றால் எனக்குத் தமிழ்தான் சரிப்படும். என் பெயர் சுந்தரராமன், வயது அறுபத்தாறு. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். குண்டுகளில் பொருத்துகிற ஃப்யூஸ்தான் என் கையெழுத்தோடு வெளியே போகும். ஒன்றுகூடப் பழுது என்று திரும்பி வந்ததில்லை.

நீங்கள் கேட்பது என் மகள் ப்ரியம்வதாவைப் பற்றி என்று தெரியும். போன மாதம் பன்னிரண்டாம் தேதி ஹடப்சரில் அவள் வீட்டில் அவள் புருஷன் தேஜஸ் பிடித்துத் தள்ளியதில், சமையல் மேடையின் கிரானைட் விளிம்பில் தலை அடிபட்டு இறந்துபோனாள். அவன் உங்கள் காவலில் இருக்கிறான். அவள் போனில் அவளுடைய அம்மா, அதாவது என் மனைவி விசாலாக்ஷி, எழுதியதாகச் சில செய்திகள் இருக்கின்றன. அதைப் பற்றி விசாலாக்ஷியை விசாரிக்க வேண்டும் என்கிறீர்கள். அவளை விசாரிக்கத் தேவையில்லை என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படித்தால் உங்களுக்கே விளங்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் சொசைட்டி லிஃப்டில் விசாலாக்ஷி மயக்கம் போட்டு விழுந்தாள். டாக்டர் பார்த்தபோது மேலே 170, கீழே 100. மாத்திரை எழுதிக்கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவங்களுக்கு டென்ஷன் மட்டும் கொடுக்காதீர்கள் என்றார். இந்த வார்த்தையை டாக்டர்கள் தினம் ஐம்பது பேரிடம் சொல்கிறார்கள். ஐம்பது பேரும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழையபடி இருக்கிறார்கள். நான் அப்படி இல்லை. சொன்னால் செய்கிறவன்.

அன்றைக்கே மெஷின் வாங்கினேன். காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு ஒன்பது என்று மூன்று வேளையும் நானே பார்த்தேன். ஒரு நோட்டில் தேதி, நேரம், மேலே, கீழே என்று கோடு போட்டு, கடைசியில் காரணம் என்று ஒரு பத்தி வைத்தேன். தொழிற்சாலையில் இதுதான் எங்கள் முறை. ஒரு லாட், அதாவது ஒரு தொகுதிச் சரக்கு, தேறவில்லை என்றால் யாரையும் திட்டக் கூடாது. காரணங்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுத் திரும்ப அளந்து பார்க்க வேண்டும். அளவு இறங்கவில்லை என்றால் இன்னும் ஒரு காரணம் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் டிவியை நிறுத்தினேன். அளவு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பாலாம்பாள் மாமி வீட்டில் சகஸ்ரநாமம் சொல்லப் போவாள். அங்கே யார் முன்னால் ஆரம்பிப்பது என்று பெண்களுக்குள் மனஸ்தாபம். அதை நிறுத்தினேன். வேலைக்கு வருகிற பார்வதி ஏரவாடாவிலிருந்து வருவாள், வாரத்தில் இரண்டு நாள் தாமதம். தாமதமானால் விசாலாக்ஷி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பாள். பார்வதியையும் நிறுத்தினேன். அதன்பிறகு பாத்திரங்களை விசாலாக்ஷியே தேய்த்தாள். உடம்புக்கு ஒரு வேலை இருப்பது நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். அவள் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. மறுப்புச் சொல்ல வருவது போலத் தெரிந்தால் நான் வாக்குவாதம் செய்ய மாட்டேன். பட்டையைச் சுற்றி எண்ணைக் காட்டுவேன். எண் பொய் சொல்லாது.

இவ்வளவு செய்தும் 160க்குக் கீழே வரவில்லை. மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. எனக்கு அது அவமானமாகக்கூட இருந்தது, மறைக்கவில்லை.

ப்ரியம்வதாவுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். ஹடப்சரில் ஒரு நர்சரியில் டீச்சர். தேஜஸ் கோயம்புத்தூர்ப் பையன், ஐடியில் நல்ல வேலை. இந்த வருஷம் ஜனவரியில் அவன் கம்பெனி ஒரே நாளில் இருநூறு பேரை வெளியே அனுப்பியது. அவனும் அதில் ஒருவன். அதிலிருந்து தினமும் சாயங்காலம் ப்ரியம்வதாவிடமிருந்து அம்மாவுக்குப் போன் வரும். முதலில் அவன் சாப்பிட மாட்டேன் என்கிறான், பேச மாட்டேன் என்கிறான் என்றாள். அப்புறம் தட்டை எறிந்தான் என்றாள். மார்ச்சில் ஒரு நாள் அறைந்துவிட்டான் என்றாள். விசாலாக்ஷி போனை வைத்துவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அளந்தேன். மேலே 178.

காரணம் என்ற பத்தியில் அன்றைக்கு முதல் தடவையாக என் மகள் பெயரை எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. பெற்ற பெண்ணாயிற்றே. ஆனால் பரிசோதகன் பாரபட்சம் பார்க்கக் கூடாது.

விசாலாக்ஷி மறுநாளே ஹடப்சர் போய் அவளை அழைத்துவர வேண்டும் என்றாள். நான் எடுத்துச் சொன்னேன். வேலை போன ஆண்பிள்ளைக்கு எவ்வளவு ஸ்ட்ரெஸ் இருக்கும் என்று பெண்களுக்குத் தெரிவதில்லை. வேறு வேலை கிடைத்தால் தானே அடங்குவான். இப்போது நடுவில் போய் நின்றால் அவன் ஸ்ட்ரெஸ் இன்னும் ஏறும், அவள் ஸ்ட்ரெஸ் ஏறும், உன் ஸ்ட்ரெஸ்ஸும் ஏறும். இந்தக் காலத்தில் ஸ்ட்ரெஸ் இல்லாதவன் எவன்? வீட்டில் யாராவது ஒருவர் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ப்ரியம்வதா சின்ன வயது, ஆரோக்கியமான பெண். அவளுக்கு 110க்கு 70 என்று எனக்குத் தெரியும். நானே பார்த்திருக்கிறேன்.

"அவ நம்ம கொழந்தைன்னா" என்றாள் விசாலாக்ஷி.

நான் பட்டையைச் சுற்றி மறுபடியும் காட்டினேன். 174. "பாரு, ஒன் ஒடம்பே வேண்டாம்னு சொல்றது" என்றேன். அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் கேட்கவில்லை.

அந்த வாரம் அவளுடைய பெரிய போனை வாங்கி என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். ஸ்க்ரீன் வெளிச்சம் பிபிக்கு ஆகாது என்றேன். பட்டன் போன் ஒன்று புது நம்பரோடு வாங்கிக்கொடுத்தேன். அதில் என் நம்பரும் டாக்டர் நம்பரும் மட்டும் போட்டேன். ப்ரியம்வதாவுக்கு அந்தப் புது நம்பர் தெரியாது. அவள் பழைய நம்பரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தை அணைத்துவிட்டதால் இழுப்பறைக்குள் வெளிச்சம் மட்டும் வந்து போகும். மகள் ஏன் பேசவில்லை என்று விசாலாக்ஷி கேட்கும்போதெல்லாம் நான் நல்ல சேதி சொல்வேன். தேஜஸுக்கு வேலை கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் கடக்வாஸ்லா அணைக்குப் போய்ச் சோளக்கதிர் தின்றுவிட்டு வந்தார்கள். நீ தூங்கிக்கொண்டிருந்தபோது பேசினாள், உன்னைக் கேட்டாள். இப்படித் தினம் ஒன்று. கற்பனை செய்வது எனக்குப் பழக்கமில்லை, கஷ்டப்பட்டுத்தான் செய்தேன். ஏப்ரல் இருபதாம் தேதி மேலே 148 வந்தது. அளக்க ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவை. அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன், நோட்டைப் பார்த்தால் தெரியும். அதற்கப்புறம் பழையபடி ஏறிவிட்டது. ஆனாலும் சரியான திசையில் போகிறோம் என்ற நம்பிக்கை வந்தது.

இனி அந்தச் செய்திகள். பதில் வராததால் ப்ரியம்வதா வாட்ஸாப்பில் எழுத ஆரம்பித்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அம்மாவும் பெண்ணும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். பதிலே போடாமல் இருந்தால் பயந்துபோய் நேரில் வந்துவிடுவாள் என்று தோன்றியது. அதனால் பதில் போட்டேன். விசாலாக்ஷி எப்படி எழுதுவாள் என்று பழைய செய்திகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணா என்றுதான் ஆரம்பிப்பாள். எங்கேயும் புள்ளி வைக்க மாட்டாள். ஒரு தடவை ப்ரியம்வதா, அம்மா ஒரே ஒரு நிமிஷம் குரலில் பேசேன் என்று கேட்டாள். தொண்டை கட்டியிருக்கிறது கண்ணா என்று எழுதினேன். உடனே வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி என்று பதில் வந்தது.

ஜூன் மாதக் கடைசியில் அவள் குரலில் ஒரு செய்தி அனுப்பினாள். அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் தமிழ் தெரியாதவர்களுக்கு அதன் தொனி புரியாது. அதனால் அப்படியே எழுதுகிறேன். "அம்மா, நான் கொஞ்ச நாள் ஆத்துக்கு வந்து இருக்கட்டா? ஒனக்கு எந்த த்ராஸும் குடுக்க மாட்டேன். என் ரூம்லயே இருப்பேன்." தொந்தரவு என்பதற்கு அவளுக்கு அந்த மராத்தி வார்த்தைதான் வரும். நான் இரண்டு தடவை கேட்டேன். பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம் இருந்தது. அவன் காதில் விழாமல் இருக்க ஓடவிட்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரியாத முட்டாள் இல்லை நான்.

அதற்கு நான் எழுதிய பதிலைத்தான் நீங்கள் நேற்றுப் படித்துக் காட்டினீர்கள். கண்ணா இப்போ வராதே, நீ வந்தால் அம்மாவுக்கு பிபி ஏறுகிறது, அவனுக்கு ஸ்ட்ரெஸ், நீதான் அனுசரித்துப் போக வேண்டும். தேஜஸின் வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டு, பெற்ற தாயே வர வேண்டாம் என்றாள் என்று கோர்ட்டில் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அது அநியாயம். விசாலாக்ஷி அப்படி எழுதுகிறவள் இல்லை. எழுதியது நான்.

எழுதியும் அவள் வந்தாள். ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. வருவாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்ததால் வாட்ச்மேன் ஜக்தாப்பிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன், கும்பகோணம் போயிருக்கிறோம், வீடு பூட்டியிருக்கிறது என்று சொல்லும்படி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பெட்டி, ஒரு தோள்பை. வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஜக்தாப் தண்ணீர் கொடுத்தான். இழுப்பறையில் போன் எரிந்து எரிந்து அணைந்தது. அவள் ஜக்தாப்பிடம் ஏதோ உரக்கக் கேட்டாள். உள்ளே படுத்திருந்த விசாலாக்ஷி எழுந்து வந்துவிட்டாள்.

"ப்ரியு கொரல் மாதிரி கேட்டுதே" என்றாள்.

நான் அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றினேன். 182. இப்படிக் கண்டதை நினைத்துக்கொண்டால் ஏறாமல் என்ன செய்யும் என்று கேட்டேன். அவள் அழுதாள். தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்றாள். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று சொல்லிப் படுக்கவைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது கேட்டில் யாரும் இல்லை.

படித்த பெண், சம்பாதிக்கிற பெண். போக வேறு இடமா இல்லை? இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். அவள் திரும்ப ஹடப்சருக்கே போவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன் என்று நீங்கள் எழுதினாலும் நான் மறுக்கப்போவதில்லை.

பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை விசாலாக்ஷியை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லையே என்று அவர் இடுப்பில் மாட்டுகிற ஒரு மெஷினைப் பொருத்தி அனுப்பினார். இருபத்துநாலு மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தடவை அது தானாக அளந்துகொள்ளும். அதன் பட்டை இடது கையில் இருந்ததால் நான் ஒரு மணிக்கு வலது கையில் பார்த்தேன். ஒரு வேளைகூட விட்டதில்லை. இரண்டு மணிக்கு உங்கள் போன் வந்தது.

ஃப்ரெண்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் ப்ரியம்வதாவைப் பார்த்தேன். முகத்தில் காயம் ஒன்றும் இல்லை, தூங்குகிறவள் மாதிரிதான் இருந்தாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை, மன்னிக்க வேண்டும்.

உறவுக்காரர்களுக்கெல்லாம் நான்தான் போன் செய்தேன். விசாலாக்ஷியிடம் சொன்னால் அவளும் போய்விடுவாள், யாரும் வாயைத் திறக்காதீர்கள், வீட்டுப் பக்கம் வராதீர்கள் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எங்களில் இது வழக்கம்தான், நோயாளியிடம் சாவுச் செய்தி சொல்ல மாட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் மின்மயானத்தில் காரியம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து குளிக்க வேண்டும் என்றேன். விசாலாக்ஷி வெந்நீர் போட்டாள். யார் போனது என்று கேட்டாள். கூட வேலை பார்த்தவருடைய பெண் என்றேன்.

"ஐயோ பாவம், அந்த அம்மா எப்படித் தாங்கறாளோ" என்றாள்.

கல்யாணமான பெண் போனால் பெற்றவர்களுக்கு மூன்று நாள் தீட்டு. அவள் அது தெரியாமல் அன்றைக்கும் விளக்கேற்றினாள். அந்த முகம் தெரியாத அம்மாவுக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். நான் தடுக்கவில்லை. தெரியாமல் செய்கிறதில் தோஷம் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு வழக்கம்போல அளந்தேன். 166. நோட்டில் எழுதினேன். காரணம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் அந்த மெஷின் எழுதிய படத்தைக் காட்டினார். நாள் முழுக்க 120, 124 என்று ஒரே கோடாக ஓடுகிறது. மூன்று இடத்தில் மட்டும் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. மதியம் ஒரு மணி, இரவு ஒன்பது மணி, காலை ஏழு மணி. அந்த நேரங்களில் என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் அளக்கிறேன் என்றேன். பட்டை இறுகினால் யாருக்கும் கொஞ்சம் ஏறத்தானே செய்யும் என்றேன். அவர், அந்த மெஷினின் பட்டையும் அரை மணிக்கு ஒரு தடவை இறுகியதே, அப்போதெல்லாம் ஏறவில்லையே என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தபடியே, உங்கள் மனைவிக்கு நோய் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வீட்டில் அளப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லி இரண்டு மாத்திரையை வெட்டினார். முப்பது வயதுகூட ஆகாத டாக்டர். அளவுக் கருவியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்.

எல்லாவற்றிலும் குறைவாக இருந்தது வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை. 116. நான் வீட்டில் இல்லாத நேரம். அப்போது என்ன செய்தாய் என்று விசாலாக்ஷியைக் கேட்டேன். பால்கனியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாளாம். பாடி எத்தனையோ நாளாயிற்று, திடீரென்று தோன்றியது என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். டாக்டர் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். அவள் பாடினாள் என்றால், பாடும்படியாக வீட்டில் ஒரு தொந்தரவும் மிச்சமில்லாமல் வைத்திருந்தது யார்? அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

அவளை அழைத்துவரப் பெண் போலீஸ் போயிருப்பதாக இப்போதுதான் சொன்னீர்கள். ஏரவாடாப் பக்கம் இந்நேரம் வண்டி நகராது, வருவதற்குள் முடித்துவிடுகிறேன். அந்தப் போனை எடுத்து வைத்தது நான். அந்தச் செய்திகளை எழுதியது நான். கேட்டிலிருந்து என் மகளைத் திருப்பி அனுப்பியது நான். அவள் எங்கே திரும்பிப் போவாள் என்று தெரிந்தே அனுப்பினேன், இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். விசாலாக்ஷிக்கு எதுவும் தெரியாது, மகள் இறந்ததுகூடத் தெரியாது. எனக்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், வாதாடப்போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அவளிடம் நீங்கள் எதையும் சொல்வதற்கு முன்னால் என்னை அவள் பக்கத்தில் உட்கார விடுங்கள். இந்த மாதிரி நேரத்தில் ஒருத்திக்குச் சொந்த மனுஷர் என்று யாராவது கூட இருக்க வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு இப்போது வேறு யாரும் இல்லை.